ஆறு நாற்காலிக்கு இரண்டு மீட்டர்

திருச்சி பாலக்கரையில் என் குஷன் கடைக்கு டைனிங் நாற்காலியைத் தூக்கி வருகிறவர்கள், ஆட்டோவை விட்டு இறங்கும்போதே புதுத் துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்ன கலர் வந்திருக்கிறது, சுவர் பெயின்ட்டுக்குப் பொருந்துமா, மச்சினி வீட்டில் போட்டது மாதிரி கிடைக்குமா. நான் கேட்லாக்கை எடுப்பதற்கு முன் நாற்காலியைக் கவிழ்ப்பேன். அடியில் நான்கு ஸ்குரு. கழற்றினால் சீட் தனியாகக் கையில் வந்துவிடும். அதை வெயிலில் பிடித்து, பழைய துணி எந்த இடத்தில், எந்த விதமாகப் போயிருக்கிறது என்று பார்ப்பேன். அடுத்த துணி எது என்பது அந்தக் கிழிசலிலேயே எழுதியிருக்கும்.

முன் விளிம்பில் மட்டும் நூல் தெரிந்தால், துணிக்கு அடியில் பலகை விளிம்பு கூர்மையாக இருக்கிறது, அல்லது ஃபோம் செத்துவிட்டது. செதில் செதிலாக உரிந்திருந்தால் மேல்பூச்சு போய்விட்டது. விறைத்து, மடிப்பில் வெடித்திருந்தால் பழைய ரெக்ஸின். ஒரே ஓரம் வெளுத்திருந்தால் சாப்பாட்டு அறையில் மேற்கு ஜன்னல் உண்டு. நூல் நூலாக இழுபட்டிருந்தால் ஜரிகைப் புடவை, பேன்ட் பாக்கெட் சாவி, அல்லது வீட்டுப் பூனை. துணி நன்றாகவே இருந்து கறை மட்டும் திட்டுத் திட்டாக இருந்தால் அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

இன்னொன்றும் தெரியும். ஆறு நாற்காலியும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சமையலறைக்குப் பக்கத்து நாற்காலியும், டிவி தெரிகிற நாற்காலியும் முதலில் போகும். சுவரோரம் ஒட்டிக் கிடக்கும் இரண்டும் கடையில் வாங்கிய கோலத்திலேயே இருக்கும். இடத்தை அவ்வப்போது மாற்றிப் போட்டிருந்தால் இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும் என்று சொல்வேன். எனக்கு வருமானக் குறைவுதான், ஆனாலும் சொல்வேன்.

நான் தொழில் கற்றது கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறையில். வெறும் சேஸிஸாக வருகிற வண்டி அங்கே பஸ்ஸாகி வெளியே போகும். எனக்கு மேஸ்திரியாக இருந்தவருக்கு ரெக்ஸினைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. ஜன்னல் வழியாக மழை அடிக்கும், குழந்தை வாந்தி எடுக்கும், கூடையிலிருந்து மீன் தண்ணீர் வடியும், பள்ளிக்கூடப் பையன் பிளேடால் கீறுவான். இத்தனைக்கும் ஈடு கொடுத்து, ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் சுத்தமாகிவிட வேண்டும். ரெக்ஸின் ஆகும்.

அதே கரூரில் தறிகள் பருத்தியை நெய்துகொண்டிருந்தன. மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, நாற்காலியில் கட்டுகிற சின்ன மெத்தை என்று தைத்துப் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். துவைத்துத் துவைத்து உபயோகிக்கிற துணி, பழசானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிற துணி. துடைக்கிற துணி ஒரு பக்கம், துவைக்கிற துணி ஒரு பக்கம். டைனிங் நாற்காலியில் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதும், எந்த வீட்டுக்கு எது என்பதுதான் தொழில் என்பதும் திருச்சிக்கு வந்து வீட்டு நாற்காலி, சோபா வேலை பிடித்த பிறகு விளங்கியது.

இப்போது என்னிடம் வருகிற நாற்காலிகளில் பாதிக்கு மேல் ரப்பர் மரத்தில் செய்து, மேஜையோடு செட்டாக விற்றவை. சீட்டில் தோல் போலத் தெரிகிற ஒன்று ஒட்டியிருக்கும். கடைக்காரர் ‘லெதரெட்’ என்பார். அது துணிமேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம். தொட்டால் மெத்தென்று இருக்கும், மடித்தால் தோல் மாதிரியே சுருங்கும். வாங்கிய சில வருஷத்தில் பொருக்காக உதிர ஆரம்பிக்கும். வெள்ளை வேட்டியோடு எழுந்தால் பின்னால் கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டு வரும்.

உட்கார்ந்து தேய்ந்ததால் உரிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்ககத்தில் இதற்கு நேர்மாறாகப் பார்த்தேன். பிள்ளையோடு இருக்க அமெரிக்கா போன தம்பதி, வீட்டைப் பூட்டி, நாற்காலிகளைப் போர்வையால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் உட்காரவேயில்லை. திரும்பி வந்து போர்வையை எடுத்தபோது ஆறு சீட்டும் உரிந்து கிடந்தன. காற்றில் உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கின்றன. வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்கிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற தீவு ஸ்ரீரங்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு ஜாடியே கசியும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூட்டிய வீட்டுக்குள் இரண்டும் மாறி மாறி வேலை செய்கின்றன. பாலியூரித்தேனிலேயே பாலிகார்பனேட் வகை என்று ஒன்று உண்டு. ஈரத்தை வெகுவாகத் தாங்கும், விலையும் அதற்குத் தக்கபடி. அது என்று எழுத்தில் உத்தரவாதம் இல்லாத லெதரெட்டை நான் டைனிங் சீட்டுக்குப் போடுவதில்லை.

ரெக்ஸின் என்று நாம் சொல்கிற பிவிசி சாகிற விதம் வேறு. பிவிசி இயல்பாகவே விறைப்பானது. அதை வளையச் செய்ய ஒரு எண்ணெய்ப்பசையைச் சேர்க்கிறார்கள். வருஷக்கணக்கில் அந்தப் பசை வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயிலும், தலையெண்ணெயும், உடம்பு வியர்வையும் அதை வேகப்படுத்தும். பசை போன பிறகு ரெக்ஸின் அப்பளமாகிவிடும், மடிப்பில் வெடிக்கும். ஆனால் தடிமனான, நல்ல ரெக்ஸினில் இதற்கு நாளாகும். வாங்கும்போது புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பனியன் துணி மாதிரி பின்னல் முதுகு இருந்தால் இழுபட்டு மூலையில் சுருக்கமில்லாமல் உட்காரும், எளிதில் கிழியாது. காகிதம் மாதிரி அழுத்திய முதுகு இருந்தால் ஸ்டேப்ளர் பின் குத்திய இடத்திலிருந்தே கிழிய ஆரம்பிக்கும்.

ரெக்ஸினுக்கு ஒரு குறை, அது மூச்சு விடாது. மே மாதம் அரைக்கால் சட்டைப் பையன் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் தொடை சீட்டோடு ஒட்டி எழும். ஏசி இல்லாத சாப்பாட்டு அறைக்கு ரெக்ஸின் கேட்டால் இதைச் சொல்லிவிட்டுத்தான் அளவு எடுப்பேன்.

அந்தக் குறையைத் தெரிந்தே ரெக்ஸின் கேட்கிற வீடுகளும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளுக்குப் போனால் துணி கேட்லாக்கைப் பாதியிலேயே மூடச் சொல்லிவிடுவார்கள். தரையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு இடத்தைச் சாணமோ தண்ணீரோ தெளித்து மெழுகி எடுத்த பழக்கம். முழங்கால் வலி வந்ததால் மேஜைக்கு ஏறியிருக்கிறார்கள். பழக்கம் இறங்கவில்லை.

“துணி போட்டா அலம்ப முடியுமோ? ஒரு பருக்கை விழுந்தா பத்தாயிடுமேப்பா. நித்தியம் ஈரத்துணியால தொடைக்கணும் நேக்கு” என்றார் ஒரு மாமி. சோறு பட்ட இடம் ‘பத்து’, அலம்பினால்தான் சுத்தம்.

“ரெக்ஸின் போட்டுடலாம் மாமி. எத்தனை தடவை வேணாலும் தொடைக்கலாம்.”

“தோல் இல்லையே?”

“தோல் இல்லை மாமி. பிளாஸ்டிக்தான்.”

மோந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். அவருக்குத் துணியின் உழைப்பு என்பது தேய்மானக் கணக்கு இல்லை, தினம் ஈரத்துணி படுவதைத் தாங்குகிற கணக்கு. இந்த மாதிரி வீட்டில் நான் கவனிக்கிற விஷயம் வேறொன்று. பளபளப்பான ரெக்ஸின்மேல் பட்டுப்புடவை வழுக்கும். எண்பது வயதுக்காரர் மடிசாரோடு உட்கார்ந்து எழும்போது சீட் காலை வாரிவிடக் கூடாது. அதனால் பளபளப்பு இல்லாத, சொரசொரப்புள்ள ரகமாக எடுப்பேன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்காருகிற வீடுகளில் சீட் பலகையின் விளிம்பில் தண்ணீர் தேங்கும். அங்கே பலகைக்கு நீர் தாங்கும் பிளைவுட் போடச் சொல்வேன். சாதாரணப் பலகையானால் துணிக்கு முன்னால் பலகை உப்பிவிடும்.

துணி என்று முடிவான வீடுகளுக்குத்தான் கேட்லாக் முழுதாகத் திறக்கும். அதில் எண்களைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் திருவெறும்பூர் பிஎச்இஎல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். நான் துணியை விரலால் தடவி, “நல்லா உழைக்கும் சார்” என்றேன்.

“எத்தனை சைக்கிள் தம்பி?” என்றார்.

கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார். மார்ட்டின்டேல் 25,000 என்று இருந்தது. சிறிய வட்டமாக வெட்டிய துணித்துண்டைத் தரப்படுத்திய கம்பளித் துணிமேல் வைத்து, மேலிருந்து பாரம் கொடுத்து, எந்திரம் வளைந்து வளைந்து தேய்க்கும். நெய்த துணியில் இரண்டு நூல் அறுகிற வரை எத்தனை சுற்று தாங்கியது என்பதுதான் அந்த எண். அமெரிக்கக் கேட்லாக்குகளில் வைசன்பீக் என்று இருக்கும். அது கெட்டியான பருத்தித் துணியால் முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்ப்பது. அதை ‘டபுள் ரப்’ என்று எண்ணுகிறார்கள். இரண்டு முறையும் வெவ்வேறு. ஒன்றின் எண்ணைப் பெருக்கி வகுத்து மற்றதாக மாற்ற முடியாது. அமெரிக்காவில் துணிக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று வகுத்திருக்கிற அளவு இது: குறைந்த புழக்கத்துக்கு 15,000 டபுள் ரப், அல்லது மார்ட்டின்டேலில் 20,000. ஹோட்டல், ஆபீஸ் மாதிரி அதிகப் புழக்கத்துக்கு 30,000, அல்லது 40,000. ஒரு லட்சம் டபுள் ரப்புக்கு மேல் போகிற எண்ணால் கூடுதல் ஆயுள் கிடைக்காது என்றும் அதே சங்கம் சொல்கிறது. விற்பவர் இரண்டு லட்சம் என்று பெருமை பேசினால் மயங்க வேண்டாம்.

நம் வீட்டு டைனிங் நாற்காலிக்கு மார்ட்டின்டேல் 25,000லிருந்து 40,000 வரை இருந்தால் தேய்மானத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்த எந்திரம் ரசம் சிந்தாது, ஜரிகை உரசாது, மேற்கு வெயிலில் நிற்காது. ஆகவே அதே பக்கத்தில் இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வெயிலுக்கு நிறம் நிற்பதை 1 முதல் 8 வரை மதிப்பிடுவார்கள்; ஜன்னலோர நாற்காலிக்கு 5க்குக் கீழே வேண்டாம். உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டுவதை 1 முதல் 5 வரை. 4 இருந்தால் நல்லது. மூன்றாவது, சுத்தம் செய்யும் குறி. ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ என்று மட்டும் இருந்தால் தண்ணீர் ஆகாது, டிரைகிளீன் திரவம்தான். சாம்பார் சிந்துகிற இடத்தில் தண்ணீர் ஆகாத துணியைப் போட்டு என்ன பிரயோஜனம்?

கேட்லாக்கே இல்லாமல் ரோலில் வருகிற துணி ஏராளம். சூரத்திலிருந்தும் பானிபட்டிலிருந்தும் வருகிற அவற்றுக்கு என் விரலும் தீப்பெட்டியும்தான் பரிசோதனைச் சாலை.

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துவேன். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர். இரண்டும் கலந்து நடந்தால் கலப்பு. டைனிங் சீட்டுக்கு எனக்குப் பிடித்தது, பாலியஸ்டர் மிகுந்த, இறுக்கமான நேர்நெசவு. தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, தேய்மானம் தாங்கும், நிறம் போகாது. ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். பஜ்ஜி எண்ணெய் பட்டால் உடனே கவனிக்க வேண்டும்.

அடுத்து, துணியை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பேன். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்வு. இரண்டு கட்டைவிரலையும் நெருக்கி வைத்துத் துணியை விலக்கி இழுப்பேன். நூல்கள் விலகி இடைவெளி விட்டு அப்படியே நின்றால், ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் அது பிளந்துகொள்ளும். நகத்தால் சுரண்டுவேன். மேலே நீளநீளமாக நூல் மிதக்கிற ஜக்கார்டு பூ வேலையெல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். பார்க்க அழகு, புடவை ஜரிகை ஒருநாள் உரசினால் பூவின் இதழ் எழுந்து நிற்கும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்ப்பேன். சாயம் ஏறினால் நாளை வேட்டியிலும் ஏறும். பின்பக்கத்தைக் கசக்கி உதறுவேன். வெள்ளையாக மாவு கொட்டினால், தளர்ந்த நெசவை மலிவுப் பசை பூசி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கறை ஒட்டாது என்று சொல்லி விற்கிற துணிமேல் கடைக்காரர் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுக் காட்டுவார். முத்தாக உருளும். அந்த இடத்தையே ஈரத்துணியால் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடியும் விடச் சொல்லுங்கள். மேலே தெளித்த பூச்சு மட்டுமானால் இந்த முறை குடித்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, கறை தெரியாது என்று கறுப்பு கேட்பவர்கள் தயிர்சாதத்தை மறந்துவிடுகிறார்கள். மோர் காய்ந்த தடம் கறுப்பில் பளிச்சென்று தெரியும். திருமண்ணும் விபூதியும் அப்படியே. வெளிர் நிறத்தில் மஞ்சள் கறை காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று நிற நூல் கலந்து நெய்த நடுத்தர நிறம், பழுப்போ சாம்பலோ கரும்பச்சையோ, இரண்டையும் மறைக்கும். மஞ்சள் கறைமேல் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பதறி போன் செய்கிறார்கள். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், அலசினால் திரும்பும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். நான்கு ஸ்குருவைக் கழற்றி, சீட்டை மொட்டை மாடியில் ஒரு பகல் வைத்தால் போதும். வெயிலில் நிறம் நிற்கிற துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பருத்தி வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்களை நான் தடுப்பதில்லை. இந்த வெயிலுக்கு அதைப் போலச் சுகமான துணி கிடையாது. உறையூரில் நெய்த மெல்லிய பருத்தித் துணி கப்பலேறி மேற்கே போனதை முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற குறிப்பே சொல்கிறது. அந்த மென்மை உடம்புக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது. சீட்டுக்கு வேண்டியது கேன்வாஸ் மாதிரி கனமான பருத்தி. பவானி ஜமக்காளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முரட்டு நூல், அடர்ந்த நெசவு, வருஷக்கணக்கில் உழைக்கிறது. ஈரம் பட்டால் சாயம் இறங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டைகள் ஆறு சீட்டிலும் ஒரே இடத்தில் வருகிற மாதிரி வெட்ட வேண்டும். பருத்தி போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, சீட்டின்மேல் அடிக்காமல் நாடா வைத்துக் கட்டுகிற உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஜோடி. ஒன்று கொடியில், ஒன்று நாற்காலியில். கரூர்க்காரர்கள் ஏற்றுமதிக்குச் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

அம்மாவின் கூறைப்புடவையைக் கொண்டுவந்து, இதைச் சீட்டில் போடுங்கள் என்று கேட்பவர்களும் வருவதுண்டு. பட்டு வெயிலிலும் வியர்வையிலும் பலம் இழக்கும், ஜரிகை பிரிந்துபோகும். பழைய புடவையானால் மடிப்பில் ஏற்கெனவே விட்டிருக்கும். ஒரு பெண்ணிடம், “சீட்ல போட்டா ஆறு மாசத்துல அம்மா புடவையை நீங்களே கிழிச்ச மாதிரி ஆயிடும்மா. முதுகுப் பலகையோட பின்பக்கத்துல போடுறேன். யாரும் சாயமாட்டாங்க, உள்ள வர்றவங்க கண்ணுல படும்” என்றேன். காடாத் துணியில் ஒட்டுக்கொடுத்து ஆறு முதுகிலும் போட்டுக் கொடுத்தேன். உட்காருகிற இடத்தில் அதே அரக்கு நிறத்தில் சாதாரண பாலியஸ்டர். உரசாத இடத்தில் எந்தத் துணியும் உழைக்கும்.

உரசுகிற இடத்தில் துணியைக் காப்பாற்றுவது அதற்கு அடியில் இருப்பது. ஃபோம் அமுங்கிப்போனால் துணி தொய்யும். தொய்ந்த துணி சுருங்கும். சுருக்கத்தின் முகட்டில்தான் எல்லாத் தேய்மானமும் விழும். புதுத் துணியைப் பழைய ஃபோமின்மேலேயே இழுத்து அடித்துக் கொடுத்தால் வேலை மலிவு, ஆயுளும் மலிவு. டைனிங் சீட்டுக்கு நான் போடுவது 2 அங்குல கனத்தில் 40 டென்சிட்டி. ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்பதுதான் அந்த எண். அது கெட்டியா மெதுவா என்பது வேறு கணக்கு. டென்சிட்டி குறைந்த ஃபோமும் கடையில் அழுத்திப் பார்க்கும்போது கெட்டியாகத் தோன்றலாம். வீட்டில் சில மாதத்தில் பள்ளம் விழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பலகையின் மேல் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுவேன். ஃபோமை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வெட்டி, துணி இழுக்கும்போது மடங்கி விளிம்பை மூடுகிற மாதிரி செய்வேன். ஃபோமுக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒன்று. ஃபோம் துணியை உள்ளிருந்து அரைக்காமல் அது தடுக்கும். முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், ஃபோமுக்கு மேல் நீர் புகாத துணி ஒரு அடுக்கு சேர்ப்பேன். ஈரம் ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் எந்தத் துணியை மாற்றினாலும் வாடை போகாது. துணியின் பாவு நூல் முன்னும் பின்னுமாக ஓடும்படி வைக்க வேண்டும், மனிதர் சறுக்கி எழுவது அந்தத் திசையில்தான். வெல்வெட் என்றால் தடவும்போது மயிர் படிகிற பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். வெல்வெட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆனால் பாலியஸ்டர் வெல்வெட் நன்றாகவே உழைக்கிறது. உட்கார்ந்த தடம் மட்டும் தெரியும். அதைச் சகிக்க முடிந்தால் போடலாம்.

இனிக் காசு. சோபா போடுகிற துணி பெரும்பாலும் 54 அங்குல அகலம். 18 அங்குலச் சதுர சீட்டுக்கு, ஃபோமின் கனத்துக்கு இரண்டு பக்கமும் 4, உள்ளே மடித்து அடிக்க 3, ஆக மொத்தம் 25 அங்குலம். அகலத்தில் இரண்டு சீட் பக்கத்தில் பக்கத்தில் விழும். மூன்று வரிசை வெட்டினால் 75 அங்குலம். இரண்டு மீட்டரில் ஆறு நாற்காலி முடிந்துவிடும். பெரிய பூ டிசைனாக இருந்து, ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் பூ வர வேண்டும் என்றால் மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும்.

இந்தக் கணக்கைத்தான் வாடிக்கையாளர்கள் போடுவதில்லை. மூன்று பேர் சோபாவுக்குப் பத்து மீட்டருக்கு மேல் போகும். அங்கே மீட்டருக்கு 300 ரூபாய் கூடினால் 3,000 ரூபாய். இங்கே 600. கழற்றுவது, ஃபோம் வெட்டுவது, இழுத்து அடிப்பது என்ற கூலி மலிவுத் துணிக்கும் நல்ல துணிக்கும் ஒன்றுதான். மலிவுத் துணி சீக்கிரம் போனால் அந்தக் கூலியை மறுபடியும் எனக்கே கொடுக்கப் போகிறீர்கள். சோபாவில் சிக்கனம் பாருங்கள், திரைச்சீலையில் சிக்கனம் பாருங்கள், இரண்டு மீட்டரில் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அதோடு இன்னும் முக்கால் மீட்டர் சேர்த்து வாங்கச் சொல்வேன். இரண்டு சீட்டுக்கு உபரித் துணி கிடைக்கும். சமையலறைப் பக்கத்து நாற்காலியும் டிவி நாற்காலியும் முதலில் போகும்போது ஆறையும் மாற்ற வேண்டியதில்லை. அப்போது தேடினால் அதே துணி கிடைக்காது. கேட்லாக்குகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கடைசியில் எல்லாரும் கேட்பார்கள். துணிக்குத் தனியாக ஆயுள் கிடையாது, உங்கள் வீட்டில்தான் அதற்கு ஆயுள் என்பேன். வேலை முடிந்து, அடிப்பக்கம் கறுப்புத் துணியை மூடுவதற்கு முன், பலகையில் பென்சிலால் எழுதுவேன்: தேதி, துணியின் பெயர், கேட்லாக் எண், ஃபோம் டென்சிட்டி. பில் காணாமல் போய்விடும், பலகை போகாது. அடுத்த முறை கழற்றுகிறவர் நானாக இல்லாவிட்டாலும், இந்த வீட்டில் இந்தத் துணி எத்தனை வருஷம் தாங்கியது, எந்த விதமாகப் போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது.